துணைநூற்பட்டியல்: ஒரு பதிவின் நெடுவரலாறு

ஆய்வேட்டின் இறுதியில், ஆய்வாளர் தம் கருத்துக்கு ஆதாரமாகக் கொண்ட நூல்களையும் கட்டுரைகளையும் அகரவரிசைப்படுத்தித் தரும் பகுதி துணைநூற்பட்டியல் எனப்படும். ஆசிரியர் பெயருக்குப் பின் வருவது காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, பதிப்பாண்டு முன்னே நிற்க வேண்டுமா பின்னே நிற்க வேண்டுமா என்னும் வினாக்களோடு மட்டுமே இப்பகுதியை அணுகும் மாணவர்கள், அதனைப் பட்டம் பெறுவதற்காக நிறைவேற்றப்படும் வெற்றுச் சடங்காகக் கருதிவிடுகின்றனர். உண்மையில் ஒரு பதிவிலுள்ள ஒவ்வோர் உறுப்பும், முன்னொரு காலத்தில் ஒரு வாசகர் தாம் தேடிய நூலையோ பக்கத்தையோ கண்டடைய முடியாமற்போன இடர்ப்பாட்டிற்கு விடையாகத் தோன்றியதே ஆகும். அகராதி, கலைக்களஞ்சியம் போன்று முதலிலிருந்து தொடர்ந்து படிக்கப்படாமல் வேண்டிய செய்திக்காக மட்டும் புரட்டப்படும் நோக்கு நூல்கள் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகின்றன. ஏனெனில் பல கைகள் சேர்ந்து, பல தொகுதிகளாக, பல பதிப்புகளில் வெளியிடும் அந்நூல்களைப் பதிவு செய்வதிலேயே பதிவு முறையின் நுட்பங்கள் அனைத்தும் சோதனைக்கு உள்ளாகின்றன.

பிறர் கருத்தை எடுத்தாளும்போது அதனைப் பிறருடையது என்று உரைக்கும் வழக்கம் தமிழில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியம் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்னும் தொடர்களால் தனக்கு முற்பட்ட இலக்கணிகளின் கொள்கையை மீண்டும் மீண்டும் சுட்டுகிறது; எனினும் அப்புலவர் யாவர், அவர்தம் நூல் யாது என்று அது கூறுவதில்லை. பின்னர் வந்த உரையாசிரியர்களான இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் ஆகியோர் விதிக்குச் சான்றாகச் செய்யுட்களை ஏராளமாக எடுத்துக்காட்டினர். சிலவிடங்களில் நூற்பெயரைக் குறித்த போதிலும், பலவிடங்களில் ‘என்றார் பிறரும்’ என்றோ வெறுமனே ‘என’ என்றோ முடித்துவிட்டனர். இதனைக் கவனக்குறைவு என்று கொள்வது பொருந்தாது. அன்றைய கல்வி மனப்பாடத்தின்மேல் நின்றது. உரையைக் கேட்கும் மாணாக்கர் மேற்கோள் பாடலின் முதற்சீரைக் கேட்ட அளவில் முழுப்பாடலையும் நினைவிலிருந்து சொல்லக்கூடியவராயிருந்தனர். மேலும், ஒரே நூலை இருவர் எழுதிய ஓலைச்சுவடிகளில் எழுத்தின் அளவும் ஏட்டின் நீளமும் வேறுபட்டமையால், எல்லாப் படிகளுக்கும் பொதுவான பக்க எண் என ஒன்று இருக்கவும் இயலாது. பாட்டு எண், நூற்பாவின் முதற்சொல் ஆகியவையே அக்காலத்தில் இடஞ்சுட்டும் கருவிகளாயிருந்தன.

அந்த மனப்பாட மரபு தளர்ந்து, பாடஞ்சொல்லும் பரம்பரைகளிலிருந்து சங்க நூல்கள் விலகிப்போனபோது, பெயர் சுட்டாத மேற்கோள்கள் புதிர்களாக மாறின. நச்சினார்க்கினியர் உரையுடன் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து 1887இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் எதிர்கொண்ட முதன்மையான இடையூறு இதுவே. உரையில் வரும் மேற்கோளடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்று அறியாமல் உரையின் பொருளைத் தெளிவுபடுத்த இயலவில்லை. அவ்வடிகளின் மூலத்தைத் தேடி ஆதீனங்களிலும் கவிராயர் வீடுகளிலும் இருந்த சுவடிகளை ஆராய்ந்த முயற்சியே அவரைப் பத்துப்பாட்டிற்கும் எட்டுத்தொகைக்கும் இட்டுச்சென்றது. பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அவர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி, செய்யுள் முதற்குறிப்பு அகராதி, உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களின் வரிசை, குறுக்கக் குறியீடுகளின் விளக்கம் ஆகியவற்றை இணைத்ததோடு, மூலம் கண்டறியப்படாத அடிகளை ‘விளங்கா மேற்கோள்’ என்னும் தலைப்பில் தனியே தொகுத்தும் தந்தார். கண்டதைப் பதிவு செய்ததோடு அமையாமல், காணாததையும் அடுத்து வரும் ஆய்வாளருக்காகப் பதிவு செய்த இந்நேர்மை, தமிழ் ஆய்வுலகின் துணைநூற்பட்டியல் மரபுக்கு உண்மையான தொடக்கம் என்று மதிக்கத்தக்கது.

மேற்கோளில் நூற்பெயரைக் குறித்துவைத்த உரையாசிரியர்களின் பணி எத்தகைய பயனைத் தந்தது என்பதற்கு யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலத்தின் விருத்தியுரை சிறந்த சான்றாகும். இன்று கிடைக்காத நூல்கள் பலவற்றின் பெயர்களையும் சிற்சில பாடல்களையும் அவ்வுரை தன்னகத்தே காத்துவந்துள்ளது. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’, இத்தகைய உரைமேற்கோள்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு, அழிந்த நூல்களின் வரலாற்றை மீட்டுத் தந்தது. மூலநூல் முற்றாக மறைந்த பின்னரும், எடுத்தாண்டவர் எழுதிவைத்த பெயர் ஒன்றே அந்நூல் இருந்ததற்குச் சாட்சியாக நிற்கிறது.

நூல்களுக்குப் பதிவு எழுதும் தொழில் மேலைநாட்டில் கிரேக்கக் கவிஞரும் அறிஞருமான கலிமாக்கசு காலத்திலேயே விரிவடைந்திருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தைச் சார்ந்து அவர் உருவாக்கிய ‘பினாக்கெசு’ என்னும் அட்டவணை 120 சுருள்களாக அமைந்தது. ஆசிரியர் பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், எழுதிய நூல்கள், ஒவ்வொரு நூலின் தொடக்கச் சொற்கள், வரிகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் இடம்பெற்றன. தலைப்புப் பக்கம் என்பது இல்லாத அக்காலத்தில் நூலின் முதற்சொற்களே அதன் அடையாளமாயின என்பதும், தமிழ்ப் பதிப்புகளின் முதற்குறிப்பு அகராதி அதே தேவையிலிருந்து எழுந்தது என்பதும் ஒப்புநோக்கத்தக்கவை. ரோமானிய அறிஞர் பிளினி, ஏறத்தாழ கி.பி. 77இல் நிறைவுசெய்த ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலின் முதற்பகுதி முழுவதையும் பொருளடக்கத்திற்கும், தாம் ஆதாரமாகக் கொண்ட ஆசிரியர்களின் பட்டியலுக்கும் ஒதுக்கினார். கலைக்களஞ்சியத் தன்மை வாய்ந்த ஒரு நூல் தன் மூலங்களைத் தானே அறிவித்தற்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டு.

15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய அச்சுக்கலை இரண்டு மாறுதல்களை விளைத்தது. ஒரு பதிப்பின் எல்லாப் படிகளிலும் ஒரே செய்தி ஒரே பக்கத்தில் அமைந்தமையால் பக்க எண் பொதுவான முகவரியாயிற்று; நூற்பெயர், அச்சிட்ட ஊர், அச்சகத்தார், ஆண்டு ஆகியவற்றைத் தாங்கிய தலைப்புப் பக்கம், பதிவு எழுதுவோருக்கு வேண்டிய செய்திகளை ஓரிடத்தில் திரட்டித் தந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரைச் சேர்ந்த கான்ராட் கெசுனர் 1545இல் வெளியிட்ட ‘பிப்லியோத்தேக்கா உனிவர்சாலிசு’ இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளின் நூல்களைத் தொகுத்தது. அது ஆசிரியர்களை அவர்தம் இயற்பெயரின் அகரவரிசையில் அடுக்கியது. இலண்டன் நூல் வணிகரான ஆந்திரூ மான்செல் 1595இல் வெளியிட்ட ஆங்கில அச்சுநூல் அட்டவணையில் அம்முறையைக் கைவிட்டுக் குடும்பப்பெயரை முதலில் நிறுத்தினார். இன்றைய பட்டியல்களில் குடும்பப்பெயர் முன்னே வந்து காற்புள்ளிக்குப் பின் இயற்பெயர் வருவது, குடும்பப்பெயரால் மக்களை அறியும் சமூகத்தின் தேவையிலிருந்து பிறந்த இம்மரபின் தொடர்ச்சியே. பின்னர் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்திற்காக அந்தோனியோ பனிட்சியும் அவர்தம் உதவியாளர்களும் வகுத்து 1841இல் வெளியான 91 விதிகள், ஆசிரியர் பெயரில்லா நூல், தொகுப்பு நூல், அறிஞர் கழகங்கள் வெளியிட்ட நூல் ஆகியவற்றை எந்தத் தலைப்பின்கீழ்ப் பதிவது என்பதை நெறிப்படுத்தின.

ஆதாரங்களை வாசகர் கண்முன் வைக்கும் கடப்பாட்டை நோக்கு நூல்களே முன்னின்று வளர்த்தன. பியேர் பேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1697இல் ராட்டர்டாம் நகரில் வெளியிட்ட வரலாற்று அகராதியில், பக்கத்தின் மேற்பகுதியில் சுருக்கமான கட்டுரையும், அதன்கீழ் சிறிய எழுத்தில் நீண்ட ஆய்வுக் குறிப்புகளும், ஓரத்தில் மூலநூற் சுட்டுகளும் அமைந்திருந்தன. 1751 முதல் தீதரோவும் தலம்பேரும் வெளியிட்ட பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளின் இறுதியில் எழுதியவரைக் குறிக்கும் எழுத்தடையாளங்கள் இடப்பட்டன. தலம்பேர் கட்டுரைகளுக்கு ‘ஓ’ என்னும் எழுத்தும் ரூசோவின் கட்டுரைகளுக்கு ‘எஸ்’ என்னும் எழுத்தும் அடையாளங்களாயின. பிரித்தானிக்காக் கலைக்களஞ்சியம் 1768இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிப்புகளில் கட்டுரையின் கீழ் ஆசிரியரின் முதலெழுத்துகளை அச்சிட்டு, அவற்றின் விரிவைத் தனிப்பட்டியலில் தந்தது. கலைக்களஞ்சியக் கட்டுரையைப் பதிவு செய்யும் மாணவர், கட்டுரையின் அடியில் முதலெழுத்துகள் உள்ளனவா என்று பார்த்து, அவற்றை விரித்து, கட்டுரையாசிரியர் பெயரில் பதிவைத் தொடங்க வேண்டும் என்னும் விதிக்கு இவ்வழக்கமே அடிப்படை.

19ஆம் நூற்றாண்டில் செருமானியப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாகப் பெர்லினில் வரலாற்றறிஞர் ராங்கே நடத்திய ஆய்வு வகுப்புகளில், மாணவர் மூல ஆவணங்களைத் தாமே ஆராய்ந்து எழுதும் பயிற்சி வேரூன்றியது. அம்முறை அமெரிக்காவிற்குச் சென்றபோது ஆய்வேடுகளின் எண்ணிக்கை பெருகி, அவற்றின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் தேவை எழுந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வர்டு லாரன்சு மார்க், ஓடில்லா நத்தை ஒன்றின் கருவளர்ச்சி பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில், மேற்கோளுக்கு அருகிலேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தந்தார். ஆண்டு முன்னிற்கும் இம்முறை, அண்மைய முடிவுகள் பழையனவற்றைத் திருத்திச் செல்லும் அறிவியல் துறைகளுக்கு ஏற்றதாயிருந்தது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு 1906இல் வெளிவந்தது. அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளின் வடிவத்தைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த கேட் துராபியன், மாணவர்களுக்கென 1937இல் எழுதிய சிறுகையேடு பல தலைமுறைகளின் கைந்நூலாயிற்று. அமெரிக்க உளவியற் கழகத்தின் விதிகள் 1929இல் ஏழு பக்க அளவில் ஓர் ஆய்விதழில் வெளியாகிப் பின்னர் பெருநூலாக வளர்ந்தன. இலக்கியத் துறைகளுக்கான நவீன மொழிக் கழகத்தின் நடைவிதித் தாள் 1951இல் வெளிவந்தது.

இக்கையேடுகளுள் சில நோக்கு நூல்களுக்கென வகுத்த தனிவிதிகள் நுணுகிப் பார்க்கத்தக்கவை. அகரவரிசையில் அமைந்த அகராதியிலும் கலைக்களஞ்சியத்திலும் பக்க எண்ணைத் தவிர்க்கலாம் என்று அவை இசைவளித்தன. தலைச்சொல், அதாவது விளக்கம் தரப்படும் சொல் அல்லது கட்டுரைத் தலைப்பு, தெரிந்தால் வாசகர் அதனை எப்பதிப்பிலும் கண்டுபிடித்துவிடலாம். ‘இச்சொல்லின்கீழ்’ என்று பொருள்படும் இலத்தீனத் தொடரின் குறுக்கமான ‘எஸ்.வி.’ என்னும் குறி இதற்காகவே சிகாகோ முறையில் தலைச்சொல்லுக்கு முன் இடப்படுகிறது. பெயர்பெற்ற பொது நோக்கு நூலாயின் பதிப்பிடமும் பதிப்பகமும் இன்றியமையாதன அல்ல என்ற அவ்விதிகள், எத்தனையாவது பதிப்பு என்பதை மட்டும் விட்டுவிட இசையவில்லை. பதிப்புக்குப் பதிப்பு கட்டுரைகள் திருத்தப்பட்டும் நீக்கப்பட்டும் வருவதால், பதிப்பு குறிக்கப்படாத மேற்கோள் சரிபார்க்க இயலாததாகிவிடும் என்பதே காரணம்.

தமிழ் அச்சுநூல்களுக்கு முறையான பதிவுகள் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கின. கிறித்தவ சமயப் பணியாளரான ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூல்களின் பொருள்வாரி அட்டவணை அவற்றுள் முதன்மையானது. இரண்டாண்டுகளுக்குப் பின் நிறைவேறிய 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. நூலின் தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், வெளியான நாள், பக்க அளவு, எத்தனையாவது பதிப்பு, அச்சிட்ட படிகள், விலை ஆகியவற்றை அரசு பதிவேட்டில் எழுதிவைக்கச் செய்தது. கண்காணிப்பு நோக்கோடு பிறந்த அப்பதிவேடுகள், இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராய்வோருக்குப் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வெளிவந்தது.

அந்நாளைய தமிழ் நூல்களைப் பதிவு செய்வோர் எதிர்கொள்ளும் இடர்களுள் ஆண்டுக் கணக்கு முக்கியமானது. பழைய நூல்களின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சியிலுள்ள தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே சில வேளைகளில் இடம்பெறும். சர்வசித்து என்னும் ஆண்டு 1887ஐயும் குறிக்கும், 1947ஐயும் குறிக்கும். தாளும் எழுத்துருவும் அச்சகத்தின் பெயரும் துணைசெய்தாலன்றி எது என்று துணிய இயலாது. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், ஒரே தமிழ் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவி நிற்கிறது. ஆகவே, முகப்பில் உள்ளதை உள்ளவாறே எழுதி, ஆய்ந்து துணிந்த ஆங்கில ஆண்டினைப் பகர அடைப்புக்குள் தருவதே ஏற்ற முறையாகும்.

இரண்டாவது இடர் பெயர் முறையில் உள்ளது. குடும்பப்பெயரை முன்னிறுத்தும் மேலைவிதி, தந்தை பெயரின் முதலெழுத்தையோ ஊர்ப்பெயரின் முதலெழுத்தையோ முன்னே கொண்டு இயற்பெயரால் அழைக்கப்படும் தமிழருக்குப் பொருந்துவதில்லை. மு. வரதராசன் என்பதை ‘வரதராசன், மு.’ என்று மாற்றுவது எளிது; ஆனால் எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூலைப் ‘பிள்ளை, எஸ். வையாபுரி’ என்று பதிந்தால், பட்டப்பெயர் ஒன்றன்கீழ் எண்ணற்ற அறிஞர்கள் குவிந்து எவரையும் கண்டறிய முடியாத நிலை உண்டாகும். ‘வையாபுரிப் பிள்ளை, எஸ்.’ என்பதே வாசகரை அவரிடம் சேர்க்கும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பகுப்பு அட்டவணை விதித்தொகுப்பு, பெயரின் எப்பகுதி முதலில் நிற்க வேண்டும் என்பதை அந்தந்தப் பண்பாட்டின் வழக்கே தீர்மானிக்க வேண்டும் என்னும் தெளிவுக்கு வழிவகுத்தது.

தமிழின் பெரும் நோக்கு நூல்கள் தாமே சீரிய பதிவு முறைக்கு முன்மாதிரிகளாக விளங்குகின்றன. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சொற்பொருளுக்குச் சான்றான நூலை அவ்வப்பொருளின் அருகிலேயே சுருக்கக் குறியீட்டால் சுட்டுகிறது; திவா. என்றால் திவாகர நிகண்டு, பிங். என்றால் பிங்கல நிகண்டு என்று அறிந்து மூலத்தைச் சரிபார்க்க அதன் குறுக்க விளக்கப்பட்டியல் உதவுகிறது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்து, 1934இல் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பைப் பெற்றது. பிற்காலத்தில் அதன் மறுஅச்சுகள் பல வெளிவந்தன. மறுஅச்சின் ஆண்டை மட்டும் எழுதும் மாணவர், ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட அறிவை அண்மைக்கால அறிவாக வாசகருக்குக் காட்டிவிடுகிறார். முதற்பதிப்பின் ஆண்டு, பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு ஆகிய இரண்டையும் தருவதே கடன். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘கலைக்களஞ்சியம்’ இன்னொரு நுட்பத்தைக் கற்பிக்கிறது: பதினான்கு ஆண்டுகள் நீண்ட வெளியீட்டில் முதற்றொகுதிச் செய்தியும் இறுதித் தொகுதிச் செய்தியும் ஒரே காலத்தவை அல்ல, எனவே தொகுதி எண்ணும் அத்தொகுதியின் ஆண்டும் பதிவில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

தமிழ் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால், பதிவு முறையும் ஆங்கிலக் கையேடுகளின் வழியே வந்து சேர்ந்தது. தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாகத் தந்த தமிழியல் நூல்வழிகாட்டி, உலகெங்கும் சிதறிக்கிடந்த ஆய்வு நூல்களைப் பதிவு செய்து புதிய ஆய்வாளர்களுக்குப் பாதை வகுத்தது. தமிழில் ஆய்வேடு எழுதும் வழக்கம் பரவிய பின்னர், பொற்கோ, தமிழண்ணல் போன்ற பேராசிரியர்கள் எழுதிய ஆய்வியல் நூல்கள் அடிக்குறிப்பையும் துணைநூற்பட்டியலையும் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாணவர்க்கு விளக்கின.

இணையவழிக் கலைக்களஞ்சியங்கள் பெருகிய இக்காலத்தில், அச்சு தந்த நிலைபேறு மீண்டும் நெகிழ்ந்திருக்கிறது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவின் கட்டுரை ஒன்று காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் இருக்கக்கூடும்; அதனாலேயே பார்த்த நாளையும், அக்கட்டுரையின் குறிப்பிட்ட வடிவத்திற்குரிய நிலையான இணைப்பையும் எழுத வேண்டும் என்னும் விதி தோன்றியது. அச்சில் பதிப்பு எண் ஆற்றிய பணியை இங்கே நாளும் நிலையான இணைப்பும் ஆற்றுகின்றன. மென்பொருள்கள் நொடிப்பொழுதில் பட்டியலை வடிவமைத்துத் தருவது உண்மையே; எனினும் பட்டப்பெயரை இயற்பெயரினின்று பிரித்தறிவதும், மறுஅச்சை முதற்பதிப்பினின்று வேறுபடுத்துவதும், சர்வசித்து எந்நூற்றாண்டினது என்று துணிவதும் நூலைக் கையிலெடுத்து ஆராய்ந்த மாணவருக்கே இயலும். புள்ளியும் காற்புள்ளியும் கையேட்டுக்குக் கையேடு மாறலாம். வாசகர் அதே கட்டுரையின் அதே வடிவத்தைத் தாமே கண்டு, மாணவரின் கூற்றைச் சரிபார்க்க முடிகிறதா என்னும் ஒரே அளவுகோல் மாறுவதில்லை. அந்த அளவுகோலில் நிற்கும் பட்டியலை எழுதும் மாணவர், தம் முடிவை மறுப்பதற்குரிய வாய்ப்பையும் வாசகர் கையில் மனமுவந்து ஒப்படைக்கிறார். ஆய்வு நம்பகம் பெறுவது அந்த ஒப்படைப்பினால்தான்.